சுங்கை சிப்புட்டுக்கு வரும் மருமகள்களுக்கு: கார்டில் பெயர் மாற்றும் முன்

தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி மலேசியாவில் இந்தப் பக்கம் வருகிற பெண்களுக்கு, காய்கறி எங்கே மலிவு, எந்த க்ளினிக் நல்லது என்பதையெல்லாம் மாமியார் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். எனக்கு யாரும் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: பாஸ்போர்ட்டில் புருசன் பெயரைப் போட அவசரப்படாதே என்பது. நான் அவசரப்பட்டேன். ஒரு கிரெடிட் கார்டில் ஒரே ஒரு பெயரை மாற்ற நான்கு மாதம் பிடித்தது. வங்கிக் கிளை இருக்கும் ஈப்போ நகரத்துக்கு மூன்று நடை போய் வந்தேன். எத்தனை தடவை போன் செய்தேன் என்று எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

இங்குள்ள நம் ஆட்களின் ஐசியை, அதாவது மலேசிய அடையாள அட்டையை, வாங்கிப் பாருங்கள். முதலில் பெயர், நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி, அப்புறம் அப்பா பெயர். அனாக் லெலாக்கி என்றால் மகன், அனாக் பெரெம்புவான் என்றால் மகள். பெண்ணுக்குக் கல்யாணமானாலும், பேரன் பேத்தி எடுத்தாலும் அது அப்படியே இருக்கும். மலாய்க்காரப் பெண்களும் சீனப் பெண்களும்கூட ஐசியில் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருக்கிறார்கள். நாமோ அப்பா இனிஷியல் கல்யாணத்தோடு புருசன் இனிஷியலாக மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். நான் பெயரை மாற்றப் போகிறேன் என்றதும் என் மாமியார் சிரித்தார். "நாப்பது வருசமா எங்கப்பா பேரோடதான் இருக்கேன். அதனால மாமா என்னை வேணாமுன்னு சொல்லிட்டாரா?" அன்றைக்கே அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

உள்ளூர்ப் பெண்களுக்கு இந்தத் தேவையே வராததால், வங்கிக் கவுண்டரில் இருப்பவருக்கும் இது பழக்கமில்லாத வேலை. தொலைந்த கார்டா, முகவரி மாற்றமா, மடமடவென்று முடித்துவிடுவார். கல்யாணத்தால் பெயர் மாறிவிட்டது என்றால் பக்கத்து மேசைக்காரரைப் பார்ப்பார். அவர் மேனேஜர் அறையைப் பார்ப்பார்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். வந்த முதல் வருடம் எல்லாம் பழைய பாஸ்போர்ட்டில்தான் நடந்தது. திருமணப் பதிவு, இமிகிரேசன் பாஸ், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அப்பா பெயர். இங்கே சொந்தமாகக் கிரெடிட் கார்டு எடுக்க வருடத்துக்குக் குறைந்தது 24,000 வெள்ளி (ரிங்கிட்) வருமானம் வேண்டும் என்பது இந்நாட்டு மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. வேலையில்லாமல் வந்து இறங்கிய மருமகளுக்கு அது ஏது? அதனால் நம்மில் பலருக்கும் முதலில் கைக்கு வருவது புருசன் கார்டோடு ஒட்டிய துணைக் கார்டுதான். அதில் ஏறும் கடனுக்கு முதன்மைக் கார்டுக்காரர்தான் பொறுப்பு. துணைக் கார்டுக்கும் வருடத்துக்கு 25 வெள்ளி சேவை வரி உண்டு. கார்டு பில்லில் அந்த 25 வந்து நிற்கும்போது பதறாதீர்கள். எல்லா வங்கியிலும் அப்படித்தான்.

இரண்டாம் வருடம் பாஸ்போர்ட் முடியப் போனது. எப்படியும் புதிது எடுக்கத்தானே வேண்டும், அப்படியே பெயரையும் மாற்றிவிடலாம் என்று கோலாலம்பூர் இந்தியத் தூதரகம் வழியாக மாற்றி வாங்கினேன். புது பாஸ்போர்ட் வந்தால் பெயரோடு எண்ணும் மாறும் என்பது மண்டையில் உறைக்கவில்லை. ஐசிக்காரர்களுக்கு ஆயுளுக்கும் ஒரே எண். நமக்கு இங்கே வங்கியில் இருக்கும் அடையாளம் பாஸ்போர்ட் எண் ஒன்றுதான். பெயரும் எண்ணும் ஒரே நாளில் மாறினால், வங்கிக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நாம் வேறொரு பெண்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். மலாய்க்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து என்றது. அப்புறம் பாட்டு. அரை மணி நேரம் கழித்து ஒருவர் வந்து, "புவான், பாஸ்போர்ட் எண் சொல்லுங்கள்" என்றார். புது எண்ணைச் சொன்னேன். பதிவில் இல்லை என்றார். பழைய எண்ணைச் சொன்னேன். அது காலாவதியாகிவிட்டது, அடையாளத்தை உறுதிசெய்ய முடியாது என்றார். அதை மாற்றத்தானே ஐயா கூப்பிட்டேன் என்றால், மாற்றுவதற்கு முதலில் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்றார். இது துணைக் கார்டு, முதன்மைக் கார்டுக்காரரைப் பேசச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். வீட்டுக்காரர் இரவு ஷிப்டு முடித்து வந்து தூங்காமல் போன் போட்டார். அவருக்குக் கிடைத்த பதில்: பெயர் மாறுவது உங்கள் மனைவிக்கு, அவரையே பேசச் சொல்லுங்கள்.

நேரில் போனால் தீரும் என்று ஈப்போக் கிளைக்குப் போனோம். கார்டு வேலை இங்கே இல்லை, அது தலைமையகத்தில் தனிப் பிரிவு என்று சொல்லி, மூலையில் இருந்த ஒரு போனைக் காட்டினார்கள். எடுத்தால் அதே பாட்டு. இரண்டாம் தடவை போனபோது ஒரு பெண் அதிகாரி பரிவாகத்தான் பேசினார். திருமணச் சான்றிதழைப் பார்த்தார். அதில் அப்பா பெயரோடு நான், பக்கத்தில் என் கணவர். "உங்களுக்குக் கல்யாணமானது தெரிகிறது. ஆனால் அந்தப் பெண்தான் இந்தப் பெயருக்கு மாறினார் என்று இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எரிச்சலாக வந்தது. யோசித்துப் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான்.

அந்தக் கேள்விக்கான பதில் அதுவரை என் கைப்பைக்குள்ளேயேதான் கிடந்தது. நம் இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். அப்பா, அம்மா பெயர், கணவர் பெயர், முகவரி இவற்றோடு பழைய பாஸ்போர்ட்டின் எண்ணும் அது கொடுக்கப்பட்ட தேதியும் ஊரும் அச்சாகியிருக்கும். பழைய பெயரையும் புதுப் பெயரையும் ஒரே ஆளோடு முடிச்சுப் போடுவது அந்த ஒரு வரிதான். எல்லோரும் போட்டோ இருக்கும் பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுக்கிறோம். கடைசிப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மூலை வெட்டித் திருப்பித் தந்த பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் உறுதிமொழி எழுதி முத்திரை வாங்கிக் கொடு என்பார்கள். இங்கே அதைச் சூராட் சும்பா என்பார்கள். அதையும் எழுதிக் கையில் வைத்துக்கொண்டால் நஷ்டமில்லை.

அந்தப் பக்கத்தில் கணவர் பெயருக்கென்று தனி இடம் இருப்பதைக் கவனித்தீர்களா? உங்கள் சொந்தப் பெயரைத் தொடாமலே புருசன் பெயரை அங்கே சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான். இது தெரிந்திருந்தால் மேலே சொன்ன கூத்து எதுவும் நடந்திருக்காது.

இல்லை, பெயரை மாற்றியே தீர்வேன் என்றால், வரிசை முக்கியம். வங்கிக் கணக்கு, கார்டு, போன் லைன் எதுவும் எடுப்பதற்கு முன்னாலேயே மாற்றிவிடுவது உத்தமம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடிந்தால் இன்னும் நல்லது. இங்கே வந்தபின் மாற்றினால் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் இமிகிரேசன். பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் பாஸைப் புதியதற்கு மாற்ற வேண்டும். வீட்டுக்காரரைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள், மனைவி பாஸ் விஷயத்தில் அவர் இல்லாமல் நகராது. அது முடிந்தபின் வங்கிக் கணக்கு, கடைசியில் கார்டு. நான் கார்டிலிருந்து தலைகீழாக ஆரம்பித்தேன். உடனடியாகப் பணம் அனுப்பவும் வாங்கவும் இங்கே பயன்படும் டூயிட் நவ்வைப் பாஸ்போர்ட் எண்ணோடு இணைத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆரம்பத்திலேயே போன் எண்ணோடு இணைத்துவிடுங்கள், தொல்லையில்லை.

திருமணப் பதிவை மறக்காதீர்கள். ஊரில் நடந்த கல்யாணத்தை இங்கே தேசியப் பதிவுத் துறையில், அதாவது ஜேபிஎன்னில், ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். நம் ஊர்ப் பதிவாளர் தரும் சான்றிதழைவிட ஜேபிஎன் தாளைக் கண்டால்தான் இங்குள்ள வங்கிக்காரர்கள் முகம் மலரும்.

ஊரில் கார்டு வைத்திருப்பவர்களுக்கு: முடிந்தால் விமானம் ஏறும் முன் அதை மூடிவிடுங்கள். ஓடிபி நம் ஊர் சிம்முக்குத்தான் போகும், அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும். ஆதார், பான், பாஸ்போர்ட் மூன்றிலும் மூன்று விதமாகப் பெயர் இருந்தால் அந்த வங்கியோடு நடக்கும் போராட்டம் தனிக்கதை. வெளிநாட்டில் குடியேறிவிட்டால் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வாழ்பவருக்கான கணக்காக, மாற்ற வேண்டும் என்பதும் சட்டம்.

சரி, என் கார்டுக்கு வருகிறேன். மூன்றாம் நடையில் எல்லாத் தாளையும் கொடுத்தபின் தலைமையகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பச் சொன்னார்கள். சுங்கை சிப்புட்டில் ஃபேக்ஸ் மெஷினைத் தேடி அலைந்த கடைசி ஆள் நானாகத்தான் இருப்பேன். ஒரு ஜெராக்ஸ் கடையில் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். பெயர் மாறியது. ஆனால் கார்டில் எழுத்துக்கு இடம் குறைவு. என் பெயரும் அவர் பெயரும் சேர்ந்து நீண்டுவிட, அவர் பெயரின் வால் வெட்டுப்பட்டு வந்தது. கார்டில் எப்படி அச்சாக வேண்டும் என்பதை நாமே எழுதிக் கொடுக்கலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. விண்ணப்பப் பாரத்தில் அதற்குக் கட்டம் கட்டமாக இடம் இருக்கும், காலியாக விடாதீர்கள்.

புது கார்டோடு எண்ணும் மாறிவிட்டது. கரண்ட் பில்லும் இன்டர்நெட்டும் பழைய கார்டில் தானாகக் கழிந்துகொண்டிருந்தவை. இரண்டும் நின்றுபோய் நினைவூட்டல் வந்தது. இந்தக் குழப்பத்தில் ஒரு மாதம் கார்டுக் கணக்கையே கட்டவில்லை. நம் சிக்கல் தீரும்வரை பில் காத்திருக்காது. தாமதக் கட்டணம் குறைந்தது 10 வெள்ளி, அதிகபட்சம் 100 வெள்ளி. வட்டி வருடத்துக்கு 18 விழுக்காடு வரை போகும். குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 விழுக்காடுதான், அதையாவது கட்டி வையுங்கள். தாமதம் அவர்களால் வந்தது என்றால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேளுங்கள். எனக்குக் கேட்டபின் கொடுத்தார்கள்.

காரியம் ஆனது போனால் அல்ல, கடிதத்தால். வங்கியின் புகார்ப் பிரிவுக்கு ஒரு பக்கத்தில், எந்தத் தேதியில் யாரிடம் பேசினேன், என்ன சொன்னார்கள், என்ன புகார் எண் கொடுத்தார்கள் என்று வரிசையாக எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். பத்து நாளில் அவர்களே கூப்பிட்டார்கள். ஆகவே முதல் போனிலிருந்தே ஒரு நோட்டில் எழுதுங்கள். புகார் எண் கொடுக்காமல் போனை வைக்க விடாதீர்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண் இருக்கிறது. வங்கி கைவிரித்துவிட்டால் நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். 2025 ஜனவரியிலிருந்து எஃப்எம்ஓஎஸ் என்ற பெயரில் இயங்குகிறது, நமக்குக் கட்டணம் கிடையாது. ஆத்திரத்தில் பேஸ்புக்கில் போய்த் திட்டாதீர்கள். வங்கி ஊழியர் மாதிரியே ஒருவன் வந்து உள்பெட்டியில் ஓடிபி கேட்பான். கொடுத்துத் தொலைத்துவிட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள்.

இன்னொன்று, தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர்களுக்கு. அங்கே கடிதம் வீட்டு வாசலுக்கு வராது, ஆபீசுக்கு வரும், கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, எடுத்து வைத்திருப்பார். அவருக்கு உங்களை இன்னார் மருமகள் என்றுதான் தெரியும். கவரில் உங்கள் அப்பா பெயரைப் பார்த்தால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கார்டு இரண்டு முறை அப்படித் திரும்பிப் போனது. 1960களில் இந்த நாட்டின் தபால் துறையைப் பார்த்துக்கொண்ட அமைச்சர் சம்பந்தன் இதே ஊர்க்காரர் என்று பெருமையாகச் சொல்வோம், என்ன செய்ய. போய்க் கிராணியிடம் உங்கள் முழுப் பெயரை, பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.