ஹீமோபிலியாவோடு திருகோணமலைக்குக் குடிவருகிறீர்களா?

வாடகை வீடு, பள்ளிக்கூட அனுமதி எல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். இந்தியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ இங்கே குடிவரும் உங்கள் வீட்டில் யாருக்காவது ஹீமோபிலியா (இரத்தம் எளிதில் உறையாத பிறவி நோய்) இருந்தால், பெட்டி பிரிக்க முன்னமே ஒரு காலை நேரம் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். நடுச்சாமத்தில் வீங்கின முழங்காலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், முதன்முதலாகப் பார்க்கும் டொக்டரிடம் குறைவாக இருக்கும் ஃபாக்டர் (இரத்தத்தை உறைய வைக்கும் புரதம், அதையே மருந்தாகவும் ஏற்றுவார்கள்) எட்டா (ஹீமோபிலியா ஏ) ஒன்பதா (ஹீமோபிலியா பி) என்று விளக்கிக்கொண்டு நிற்கிற கொடுமை யாருக்கும் வேண்டாம்.

கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள். உங்கள் ஃபாக்டர் இங்கே இருப்பில் இருக்குமா, கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டுமா, இரவில் யாரைக் கூப்பிடுவது? கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீட்டர், அவசரத்துக்கு அது கிட்ட இல்லை. ஃபாக்டர் இல்லாத நேரம் இரத்த வங்கியில் கிரையோ (பிளாஸ்மாவை உறைய வைத்து எடுக்கும் இரத்தப் பொருள்) கிடைக்குமா என்றும் கேட்டு வையுங்கள், ஆனால் கிரையோவில் எட்டுத்தான் இருக்கும், ஒன்பது இல்லை, ஆகவே ஹீமோபிலியா பி உள்ளவருக்கு அது உதவாது, பிளாஸ்மாதான் (இரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்ற வேண்டிவரும். அதனால் எந்த வகை, இரத்தத்தில் ஃபாக்டர் எத்தனை வீதம் (1 வீதத்துக்குக் கீழே என்றால் கடுமையானது), உடல் எடை, இன்ஹிபிட்டர் (ஏற்றும் ஃபாக்டரை வேலைசெய்ய விடாமல் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) உண்டா என்பதையெல்லாம் பழைய டொக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வாருங்கள். இங்கே கிளினிக் கொப்பியும் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள்.

ஃபாக்டர் மருந்தை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. கச்சான் (சூடான வறண்ட காற்று) அடிக்கிற மாதங்களில் வெயில் 35 பாகையைத் தாண்டும். பிரிட்ஜ் கதவுத் தட்டு சரிவராது, திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும், நடுத்தட்டுத்தான் நல்லது. கரண்ட் போனால் ஐஸ்பெட்டி, அதுவும் குப்பி ஐஸில் முட்டாமல் துவாயில் சுற்றி. வெளியே எடுத்தால் எவ்வளவு நாள் தாங்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, உள்ளே இருக்கும் தாளை வாசியுங்கள். கலக்கும்போது குலுக்காதீர்கள், உள்ளங்கைகளுக்கு நடுவில் மெல்ல உருட்டினால் போதும், நுரைத்தால் அடங்கும்வரை பொறுங்கள்.

மூட்டு வீங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. "அம்மா, முழங்கால் கூசுது, சுடுது" என்று பிள்ளை சொன்னாலே ஃபாக்டர் ஊசி போடும் நேரம்தான். தலையில் அடிபட்டால் முதலில் ஃபாக்டர், பிறகுதான் ஸ்கேன். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஏறும்போது ஃபாக்டரையும் கையோடு எடுத்துப் போங்கள். மாதம் ஒருமுறை எமிசிசுமாப் (ஹீமோபிலியா ஏ உள்ளவர்களுக்கு இரத்தக்கசிவைத் தடுக்கப் போடும் ஊசி) போடுகிறவர்களும், இரத்தம் கசிந்தால் அது மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம்.

அப்புறம் அக்கம்பக்கம். பக்கத்து வீட்டு அன்ரி எண்ணெய் போட்டு உருவிவிட வருவா, அன்போடுதான் வருவா, ஆனால் வீங்கின மூட்டில் கைவைக்க விடாதீர்கள். பார்மசியில் டிஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் வாங்காதீர்கள், நோவுக்குப் பனடோல் போதும். சதையில் போடும் ஊசியும் வேண்டாம், பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி என்று தாள் வந்தால் முதலில் உங்கள் டொக்டரிடம் காட்டுங்கள். மாரி தொடங்கினால் டெங்குவும் வரும், இரத்தத்தட்டு (பிளேட்லெட்) குறைகிற காய்ச்சல் அது, ஹீமோபிலியாக்காரருக்கு இரட்டை ஆபத்து, முதல் நாளே இரத்தம் சோதியுங்கள். பல்லுப் பிடுங்குவது, காது குத்துவது, முஸ்லிம் வீடுகளில் சுன்னத்து, எதற்கும் ஹீமற்றோலஜி (இரத்த நோய்) டொக்டரைக் கேட்காமல் நாள் குறிக்காதீர்கள்.

கடலுக்குப் பிள்ளையை விடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். தாராளமாக. மூட்டுக்கு நீச்சலைப் போல நல்ல பயிற்சி குறைவு, சித்திரை தொடங்கி ஆவணி வரை உப்புவெளியும் நிலாவெளியும் அமைதியாக இருக்கும். புறாத் தீவுப் பவளப்பாறையில் மட்டும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், சிராய்க்கும்.

இது தாய்வழியாக வரும் நோய் என்பதால், தாய்மாமனுக்கு இருந்ததா என்று டொக்டர் கேட்பார். இல்லை என்றாலும் யோசிக்க வேண்டாம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமலேதான் வருகிறது. பிள்ளையின் அம்மாவுக்கும் அக்கா தங்கச்சிக்கும் ஒருமுறை ஃபாக்டர் அளவு பார்த்து வையுங்கள், மாதவிடாயில் அதிகம் போகிறது என்றால் அதையும் சொல்லுங்கள், பிள்ளைப்பேறுக்கு முன்னம் டொக்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.