போட்டு முடித்த வருமான வரி ரிட்டர்னில் பிழையா? எந்த வழியில் திருத்துவது

பிழை கண்ணில் பட்டதும் திருத்தத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் வருமான வரித் துறையின் போர்ட்டலில் நுழைந்து இ-ஃபைல், இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ஸ், வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ் என்று போய், உங்கள் ரிட்டர்ன் எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். இன்னும் வெரிஃபை (போட்டது நீங்கள்தான் என்று ஆதார் ஓடிபி போன்றவற்றால் உறுதிசெய்வது) ஆகவில்லையா, வெரிஃபை ஆகிக் காத்திருக்கிறதா, ரிட்டர்ன்களைச் சரிபார்க்கும் பெங்களூரு மையமான சிபிசி அதைப் பார்த்து முடித்து, கணக்கின் முடிவைச் சொல்லும் 143(1) அறிவிப்பு அனுப்பிவிட்டதா? திருத்தும் வழி இதைப் பொறுத்துத்தான் மாறும். இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961 சட்டத்தின்படியானவை. 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 1-4-2026 முதல் நடைமுறைக்கு வந்தாலும், 31-3-2026 வரை ஈட்டிய வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

வெரிஃபை செய்யாத ரிட்டர்ன் என்றால் அதைக் கைவிடும் டிஸ்கார்ட் பொத்தானே போதும். 2023-24 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டுதான் மதிப்பீட்டு ஆண்டு) இந்த வசதி இருக்கிறது. பழைய ரிட்டர்ன் போடாதது போலாகிவிடும். புதிதாக ஒன்று போடலாம். ஆனால் டிஸ்கார்ட் செய்ததைத் திரும்பப் பெற முடியாது. ரிட்டர்ன் போடும் கெடு தேதி தாண்டிய பிறகு இதைத் தொடவே வேண்டாம். அதன்பின் போடும் ரிட்டர்ன் தாமத ரிட்டர்னாகிவிடும்: 5,000 ரூபாய் கட்டணம் (மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000), பழைய வரி முறை கிடையாது, பங்கு நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. அப்படிப்பட்ட நேரத்தில் பிழையோடு இருக்கும் ரிட்டர்னையே, போட்ட 30 நாளுக்குள் வெரிஃபை செய்துவிட்டு, பிறகு ரிவைஸ் செய்வதுதான் (திருத்திய ரிட்டர்னை மீண்டும் போடுவது) புத்திசாலித்தனம்.

வெரிஃபை ஆன ரிட்டர்னில் உங்கள் பக்கம் தவறு இருந்தால் 139(5) பிரிவின்படி ரிவைஸ்டு ரிட்டர்ன் போட வேண்டும். விட்டுப்போன வைப்பு நிதி வட்டி, மறந்துபோன 80சி (முதலீடுகளுக்கான கழிவு), தவறான படிவம் எல்லாமே இதில் அடங்கும். 143(1) அறிவிப்பு வந்துவிட்டாலும், ரீஃபண்டே கைக்கு வந்திருந்தாலும் இதைப் போடலாம். தாமத ரிட்டர்னையும் ரிவைஸ் செய்யலாம். எத்தனை முறை என்ற வரம்பும் இல்லை. 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு இதற்கான கெடு 31-12-2025 ஆக இருந்தது. முன்பு மார்ச் 31 வரை இருந்ததை 2021 பட்ஜெட்டில்தான் மூன்று மாதம் குறைத்தார்கள். பட்ஜெட்டுகள் இந்தத் தேதியில் கை வைக்கும் என்பதால், உங்கள் ஆண்டுக்குரிய தேதியைப் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டின் நடுவில் வேலை மாறியவர்களிடம் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 2024-25 நிதியாண்டில் முதல் நிறுவனம் 4,00,000, இரண்டாவது 6,50,000 சம்பளம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். இருவரும் தனித்தனியே 75,000 நிலையான கழிவு கொடுத்து, புதிய முறையில் 7 லட்சத்துக்குள் வரி இல்லை என்று டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) பிடிக்காமல் விட்டிருப்பார்கள். இரண்டாவது நிறுவனம் தந்த ஃபார்ம் 16-ஐ (சம்பளம், வரி விவரச் சான்று) மட்டும் வைத்து ரிட்டர்ன் போட்டால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். இரண்டையும் கூட்டினால் 10,50,000. கழிவு ஒருமுறைதான், ஆக வரிக்குரிய வருமானம் 9,75,000. வரி 47,500, செஸ் 1,900, மொத்தம் 49,400. முன்கூட்டி வரி கட்டாததால் 234பி வட்டி ஏப்ரல் முதல் மாதம் 1 சதவீதம். டிசம்பரில் கட்டினால் 9 மாதத்துக்கு 4,446. தவணைகளை உரிய நேரத்தில் கட்டாததற்கான 234சி வட்டி 2,492. கூட்டினால் 56,338 ரூபாய் வருகிறது. அசல் ரிட்டர்ன் கெடுவுக்குள் போட்டதாக இருந்தால் ரிவைஸ் செய்வதற்கெனத் தனி அபராதம் 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு இல்லை.

ரிவைஸ் செய்ய உட்காரும் முன் மூன்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்: பழைய ரிட்டர்னின் பிடிஎஃப், ஏஐஎஸ் (துறையிடம் உள்ள உங்கள் வருமான விவர அறிக்கை), ஃபார்ம் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் வரவான வரியின் பட்டியல்). ஏஐஎஸ் பிடிஎஃப்-இன் பாஸ்வேர்டு பான் எண் சிறிய எழுத்தில், அதையொட்டி பிறந்த தேதி எட்டு இலக்கத்தில். பிறகு ஃபைல் இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் பக்கத்தில் ஆண்டைத் தேர்ந்து, ஃபைலிங் வகையில் 139(5) ரிவைஸ்டு ரிட்டர்ன் என்று குறியுங்கள். அசல் ரிட்டர்னின் 15 இலக்க ஒப்புகை எண்ணையும் அதைப் போட்ட தேதியையும் கேட்கும். இங்கே பலர் சறுக்குகிறார்கள்: திருத்திய இடத்தை மட்டும் நிரப்பினால் போதும் என்று நினைக்கிறார்கள். ரிவைஸ்டு ரிட்டர்ன் பழையதன் இடத்தில் முழுசாக உட்காரும். தானாக நிரம்பி வரும் விவரங்கள் போன முறை நீங்கள் கையால் சேர்த்தவற்றைக் கொண்டுவரும் என்று நம்ப வேண்டாம். பழைய பிடிஎஃப்-ஐப் பக்கத்தில் வைத்து 80சி, 80டி (மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவு), வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். படிவமும் மாறலாம், குறுகிய கால மூலதன ஆதாயத்தை விட்டுவிட்டு ஐடிஆர்-1 போட்டவர் இப்போது ஐடிஆர்-2 எடுக்க வேண்டும்.

வரி பாக்கி வந்தால் இ-பே டாக்ஸில் 'செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸ் (300)' என்ற தலைப்பில் கட்டி, 7 இலக்க பிஎஸ்ஆர் கோடு (வங்கிக் கிளையின் எண்), 5 இலக்க சலான் எண், தேதி மூன்றையும் ரிட்டர்னில் சேருங்கள். மதிப்பீட்டு ஆண்டைத் தவறாகப் போட்டுக் கட்டிவிட்டால் சர்வீசஸ் பகுதியில் சலான் கரெக்‌ஷன் உண்டு. ஆண்டைத் திருத்தக் கட்டிய நாளிலிருந்து 7 நாள்தான் அவகாசம், அதனால் சலானை அன்றே சரிபாருங்கள்.

சமர்ப்பித்ததும் ஆதார் ஓடிபி போட்டு வெரிஃபை செய்தால்தான் வேலை முடிந்தது. வெரிஃபை செய்யாத ரிவைஸ்டு ரிட்டர்னுக்கு மதிப்பில்லை. பிழையுள்ள பழையதே செல்லும்.

அடுத்த தவறு, ரிவைஸ் செய்ய வேண்டிய இடத்தில் ரெக்டிஃபிகேஷன் (துறையின் உத்தரவில் உள்ள பிழையைத் திருத்தக் கோருவது) கேட்பது. இதனால் இழப்பவர்கள் அதிகம். 154 பிரிவின் ரெக்டிஃபிகேஷன், 143(1) அறிவிப்பு வந்த பிறகுதான், அதுவும் பதிவுகளைப் பார்த்தாலே தெரிகிற பிழைக்குத்தான். 18,000 ரூபாய் டிடிஎஸ் 26ஏஎஸ்-இல் இருக்கிறது, ரிட்டர்னில் வரி பிடித்தவரின் டான் எண்ணின் ஓர் எழுத்து மாறியதால் சிபிசி தரவில்லை என்றால் டாக்ஸ் கிரெடிட் மிஸ்மேட்ச் வகையில் கேட்கலாம். நீங்கள் சரியாகப் போட்டு சிபிசி தவறாகக் கணக்கிட்டிருந்தால் மீண்டும் கணக்கிடக் கோரும் ரீப்ராசஸ் போதும். ஆனால் ரிட்டர்னில் கேட்கவே கேட்காத 80டி கழிவை இதன்மூலம் நுழைக்க முடியாது. ரெக்டிஃபிகேஷனுக்கு உத்தரவு வந்த நிதியாண்டின் முடிவிலிருந்து 4 ஆண்டு அவகாசம் இருப்பதால் நிதானமாக விண்ணப்பிக்கிறார்கள். முடிவு சொல்லத் துறைக்கு 6 மாதம் வரை உண்டு. நிராகரிப்பு வந்து சேர்வதற்குள் ரிவைஸ் செய்யும் கெடு போய்விடுகிறது.

வங்கிக் கணக்கு எண் தவறி ரீஃபண்ட் திரும்பிப் போயிருந்தால் இரண்டுமே வேண்டாம். மை புரொஃபைலில் சரியான கணக்கைச் சேர்த்து வேலிடேட் செய்துவிட்டு, ரீஃபண்ட் ரீஇஷ்யூ கேளுங்கள். 139(9) குறை அறிவிப்பு வந்திருந்தால் 15 நாளுக்குள் பெண்டிங் ஆக்‌ஷன்ஸ், இ-ப்ரொசீடிங்ஸ் வழியாகப் பதில் போட வேண்டும். விட்டுவிட்டால் ரிட்டர்னே செல்லாது என்று ஆகலாம்.

ரிவைஸ் கெடுவும் போய், வருமானம் விட்டுப்போயிருந்தால் மிச்சமிருப்பது 139(8ஏ) பிரிவின் ஐடிஆர்-யூ (புதுப்பித்த ரிட்டர்ன்). மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை போடலாம்; ஓர் ஆண்டுக்கு ஒரே முறைதான். வரியும் வட்டியும் சேர்ந்த தொகைமேல் முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், 24-க்குள் 50, 36-க்குள் 60, 48-க்குள் 70 கூடுதல் வரி. மேலே சொன்ன வேலை மாறியவர் 2026 ஜூனில் விழித்துக்கொண்டால், 15 மாத வட்டியோடு 59,302 ஆகி, அதன்மேல் சுமார் 14,800 கூடுதலாகக் கட்டுவார்.

ஐடிஆர்-யூ போட்டு வரியைக் குறைக்கவோ ரீஃபண்டைக் கூட்டவோ முடியாது. விட்டுப்போனது ரீஃபண்ட் என்றால் 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் போட வேண்டும்; ஏன் தாமதமானது என்பதற்கு மருத்துவச் சான்று போன்ற ஆதாரம் இணைக்காத மனு நிற்பது கடினம்.