மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள்: இந்தத் துறையில் வேலை பார்க்க எங்கே தொடங்குவது?

சர்வதேசச் சட்டத்தில் வேலை பார்க்க நினைப்பவர்களில் பலர் முதலில் வெளிநாட்டு எல்.எல்.எம். (சட்ட முதுநிலைப் பட்டம்) தேடுகிறார்கள். அதை இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடுங்கள். ஒரு கொலை வழக்கு செஷன்ஸ் கோர்ட்டில் எப்படி நிற்கிறது, எங்கே உடைகிறது என்பதைக் கூடவே இருந்து பார்க்காதவருக்கு சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் இருக்கும் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடக்கும் வழக்கும் பிடிபடாது. விசாரணை நடத்தும் கிரிமினல் சீனியரிடம் ஜூனியராகச் சேருங்கள். ஜாமீன் மனு மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் போதாது. பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதுவது), பிரேதப் பரிசோதனை அறிக்கை, குறுக்கு விசாரணை இந்த மூன்றும் கைக்கு வர வேண்டும்.

கூடவே அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய உடன்படிக்கையான ரோம் சாசனத்தின் 7ஆம் பிரிவைப் படியுங்கள். மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் எது என்பதை வரையறுப்பது அதுதான். சாசனம் 1998இல் நிறைவேறி 2002 ஜூலை 1இல் அமலுக்கு வந்தது. கொலை, சித்திரவதை, வலிந்து காணாமலாக்குதல் என 11 வகைச் செயல்களை அந்தப் பிரிவு சொல்கிறது. செயல் நடந்ததாகக் காட்டினால் மட்டும் குற்றம் நிரூபணமாகாது. பொதுமக்கள் மீது நடந்த பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதலின் பகுதியாக அது இருக்க வேண்டும். அந்தத் தாக்குதலுக்குப் பின்னால் அரசின் அல்லது ஓர் அமைப்பின் கொள்கை இருக்க வேண்டும். செய்தவருக்குத் தாக்குதல் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். போர் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

புதிதாக வருபவர்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். வழக்கு பெரும்பாலும் தடுமாறுவது வேறு இடத்தில்: மேலே இருந்தவர் உத்தரவிட்டாரா, தெரிந்தும் தடுக்காமல் இருந்தாரா? அதைக் காட்டுவது பணிப் பட்டியல், வண்டி லாக் புத்தகம், சம்பளப் பதிவு, ஒயர்லெஸ் செய்தி போன்ற சாதாரணக் காகிதங்கள். அவற்றை வரிசைப்படுத்தி, யார் யாருக்குக் கீழே இருந்தார் என்று வரையத் தெரிந்தவருக்கு எந்த விசாரணைக் குழுவிலும் மதிப்பு உண்டு.

பயிற்சிக்கு, 1994 ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம், அகாயேசு என்ற நகரத் தலைவருக்கு எதிராகக் கொடுத்த தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள் (1998 செப்டம்பர் 2). முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லவே இல்லை. ஒரு தாய் சாட்சி சொல்லும்போது தன் மகளுக்கு நடந்ததைக் குறிப்பிட்டார். நீதிபதிகள் தொடர்ந்து கேட்டார்கள். 1997இல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவி பிள்ளை, டர்பன் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, நிறவெறி ஆட்சிக் காலத்தில் நெடுங்காலம் வழக்கறிஞராக இருந்தவர். அந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டிருந்தால் ஒரு குற்றமே பதிவாகாமல் போயிருக்கும்.

ஆனால் கேட்பதற்கும் வரம்பு உண்டு. தொண்டு நிறுவனத்தில் இருக்கும்போது, பாதிக்கப்பட்டவரிடம் முழு வாக்குமூலம் வாங்க அவசரப்படாதீர்கள். பெயர், தொடர்பு, சுருக்கமாக என்ன நடந்தது, இதற்கு முன் வேறு யாரிடமாவது சொன்னாரா, தகவலை யாருக்குக் கொடுக்க ஒப்புக்கொள்கிறார் என்பவை போதும். ஒரே ஆளிடம் நான்கு அமைப்புகள் வாக்குமூலம் வாங்கினால் நான்கிலும் சின்னச் சின்ன வேறுபாடு வரும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே போதும். பாதிக்கப்பட்டவரின் மனம் மறுபடி மறுபடி புண்படுவது தனி. வீடியோ கிடைத்தால் மூலக் கோப்பையே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் அழியும். வாங்கியதும் எஸ்.எச்.ஏ.-256 ஹேஷ் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை) எடுத்து, யார் எப்போது கொடுத்தார் என்று எழுதி, ஒரு பிரதியைத் தொடாமல் வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் டிஜிட்டல் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாப்பதற்கான பெர்க்லி நெறிமுறை இதற்கு அடிப்படைக் கையேடு.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் பணிமொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். பிரெஞ்சைக் கல்லூரியிலேயே தொடங்குங்கள். அங்கே இன்டர்ன்ஷிப்புக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஹேக் வாடகையைக் கணக்குப் போட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். ஐ.நா.வில் தொடக்க நிலை அதிகாரியான பி-2 பணிக்குப் பொதுவாக முதுநிலைப் பட்டமும் 2 ஆண்டு அனுபவமும், அதற்கு அடுத்த பி-3க்கு 5 ஆண்டும் கேட்பார்கள். ஹேக் நீதிமன்றத்தில் வாதாடத் தகுதியுள்ள வழக்கறிஞர் பட்டியலில் சேர 10 ஆண்டு அனுபவம் வேண்டும்.

ஹேக் மட்டுமே வாசல் என்று நினைக்க வேண்டாம். சிரியாவுக்கு 2016இலும் மியான்மருக்கு 2018இலும் ஐ.நா. தனி விசாரணைப் பொறிமுறைகளை, அதாவது வழக்குகளுக்காகச் சான்று திரட்டும் அமைப்புகளை, அமைத்தது. இலங்கை குறித்துச் சான்று திரட்டும் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் பணி 2021 தீர்மானத்தில் தொடங்கியது. தமிழில் வாக்குமூலம் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே நேரடிப் பயன் உண்டு. வேறு நாட்டில் நடந்த இத்தகைய குற்றங்களைச் சில நாடுகளின் சொந்த நீதிமன்றங்களும் விசாரிக்கின்றன: ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரியில் சிரிய உளவு அதிகாரி ஒருவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

தடுப்பு வேலையில் ஆர்வம் இருந்தால், இத்தகைய குற்றங்கள் நடக்கும் ஆபத்தை முன்கூட்டியே அளக்க ஐ.நா. 2014இல் வெளியிட்ட ஆய்வுச் சட்டகத்தின் 14 அபாயக் காரணிகளை எடுத்து, ஒரு நாட்டை மாதாமாதம் கவனித்து எழுதுங்கள். மியான்மரில் ரோஹிங்கியா முஸ்லிம்களின் வெள்ளை அட்டைகள் (தற்காலிக அடையாள அட்டைகள்) 2015இல் ரத்தாகி வாக்குரிமை போனது. 2017இல் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அட்டை ரத்தான முதல் செய்தி வந்த நாளிலேயே அதன் கனத்தை உணர்வதுதான் இந்த வேலைக்கு வேண்டிய திறமை.

இந்தியா ரோம் சாசனத்தில் சேரவில்லை. 2018இல், 1984 சீக்கியர் எதிர்ப்புக் கலவரம் தொடர்பான காங்கிரஸ் தலைவர் சஜ்ஜன் குமார் வழக்கில் நீதிபதி எஸ். முரளிதர் தலைமையிலான டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, இந்தக் குற்றம் நம் சட்டத்தில் இல்லை என்று சுட்டிக்காட்டியது. 2024இல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை. இக்குற்றங்களுக்கென்றே ஓர் உடன்படிக்கை செய்ய 2028, 2029இல் ஐ.நா. மாநாடு கூடவிருக்கிறது. அதற்கு அடிப்படையான, ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணையத்தின் 2019 வரைவுப் பிரிவுகளைப் படித்து, அவை இந்தியச் சட்டத்தில் எந்த வடிவில் உட்காரும் என்று பத்துப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரி கேட்கும்போது அனுப்ப இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.