குடையாக வேண்டிய மல்பெரி கொம்பாக நின்றது

தொங்கு மல்பெரி வைத்த இரண்டாம் வருஷம், கவிழ்ந்து தொங்க வேண்டிய மரத்திலிருந்து ஒரு கிளை நெட்டுக்குத்தாகக் கிளம்பியது. நல்ல செழிப்பு. நானும் சந்தோஷமாக வளர விட்டேன். அது ஆளுயரம் தாண்டியபோது தொங்கும் கிளைகளில் பாதி காய்ந்திருந்தன.

தண்டைத் தடவிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே, முழங்கை மூட்டு மாதிரி ஒரு புடைப்பு. ஒட்டுக் கட்டிய இடம் அது. அதற்கு மேலே இருப்பது மட்டுமே தொங்கும் ரகம். கீழே இருப்பது நிமிர்ந்து வளரும் சாதாரண மல்பெரி. என் செல்லக் கிளை புடைப்புக்கு நாலு விரல் கீழிருந்து வந்து, மேலே போக வேண்டிய சத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது!

குச்சி மிச்சம் விடாமல் அந்தக் கிளையைத் தண்டை ஒட்டி அறுத்தேன். வெட்டுவாயில் பால் கசிந்தது; துடைத்துவிட்டுச் சும்மா விட்டுவிட்டேன். அப்புறம் கீழே தலைகாட்டும் துளிர்களைப் பிஞ்சிலேயே கட்டைவிரலால் தேய்த்துவிடுவது வழக்கமாயிற்று.

இலை உதிர்ந்த பருவத்தில் காய்ந்த கிளைகளைக் கழித்தேன். மீதியை வெட்டும்போது, மேல்நோக்கியோ வெளிநோக்கியோ இருக்கும் மொட்டை விட்டுவைத்து, அதற்குச் சற்று அப்பால், நுனிப் பக்கமாக வெட்டினேன். அதிலிருந்து வரும் கிளை முதலில் வெளியே வளைந்து, பிறகு தொங்கும். அடிப்பக்க மொட்டை விட்டால் நேரே தண்டோடு ஒட்டி இறங்கி, சடைபிடித்த முடி மாதிரி ஆகிவிடும். அதையும் ஒரு தடவை செய்து பார்த்தாயிற்று.

அடுத்த பருவத்தில் குடை பாதி விரிந்தது. வடக்குப் பக்கம் இன்னும் சொட்டைதான்.