மோரிப் கடலை வாட்டர்கலரில் வரைவது எப்படி

மலேசியாவின் பந்திங்கில் செம்பனைத் தோட்டத்துக்குள் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றாலே மோரிப் கடற்கரைதான், தயவுசெய்து அதை நீலமாக வரையாதீர்கள். மலாக்கா நீரிணை இங்கே சேற்று நிறம். பெர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்புச் சாயத்தில் கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம் கலந்தால் வரும் சாம்பல்தான் அந்தச் சேறு. நீலம் கூடினால் மழைமேகம் மாதிரி ஆகிவிடும், அதனால் துளித்துளியாகச் சேருங்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் போதும். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 6 மணி நேரம், வற்றிய பிறகு ஈரச் சேற்றில் அந்திவானம் அப்படியே விழுந்து கிடக்கும், எனக்கு அதைவிட அழகான காட்சி இல்லை. அப்புறம், நம் ஊர் ஈரக்காற்றில் சாயம் சீக்கிரம் காயாது. வானம் காய்வதற்குள் கடலைத் தொட்டால் இரண்டும் கலங்கிவிடும். தாளில் புறங்கை வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம்தான்.