அமெரிக்க மீன்பிடி நிறுவனங்களுக்குப் போன வேளாண் மானியத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் கடல் மீன்வளம் வணிகத் துறையின் பொறுப்பு. ஆனால் அந்தத் துறையின் கணக்கை மட்டும் புரட்டினால், படகு உரிமையாளர்களுக்குப் போன பெரிய தொகை ஒன்று கண்ணில் படாமலே போய்விடும். அதைக் கொடுத்தது வேளாண் துறை.

முதல் வேலை, திட்டத்தின் பெயரைப் பிடிப்பது. வெறுமனே 'மானியம்' என்று தேடினால் சோளமும் சோயாவும்தான் வந்து குவியும். புதிதாகத் தொடங்குபவர்கள் கடலுணவு வர்த்தக நிவாரணத் திட்டத்தை (Seafood Trade Relief Program) எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜூலையில் சீனா அமெரிக்கக் கடலுணவுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி விதித்தது. அந்தப் பாதிப்பை ஈடுகட்ட, 2020 செப்டம்பரில் சுமார் 53 கோடி டாலர் ஒதுக்குவதாக வேளாண் துறை அறிவித்தது. பணம் வந்தது 1933இல் தொடங்கப்பட்ட, அந்தத் துறையின் திட்டங்களுக்கு நிதி தரும் அரசு நிறுவனமான சரக்குக் கடன் கழகத்திலிருந்து (Commodity Credit Corporation).

அடுத்து, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். பணம் பெற்றவர்களின் பட்டியலில் உள்ள எண்கள் இதற்குப் பிறகுதான் பேசத் தொடங்கும். 2019இல் பிடித்த எடையை, அந்த இனத்துக்குரிய விகிதத்தால் பெருக்க வேண்டும். ஒரு பவுண்டுக்குச் சிங்கி இறாலுக்கு 50 சென்ட், சால்மனுக்கு 16 சென்ட், பொல்லாக் மீனுக்கு 2 சென்ட். 20,000 பவுண்டு சிங்கி இறால் பிடித்தவருக்கு 10,000 டாலர். ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ உச்சவரம்பு 2,50,000 டாலர். சிங்கி இறாலில் அதைத் தொட 5 லட்சம் பவுண்டு வேண்டும். பொல்லாக்கில் 1 கோடியே 25 லட்சம் பவுண்டு. ஆகவே தொகை பெரிதாக இருப்பதை மட்டும் பார்த்துப் பிடிப்பும் பெரிது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இப்போது தரவுக்கு வருவோம். கூட்டரசின் செலவுகளை வெளியிடும் யுஎஸ்ஏஸ்பெண்டிங் (USAspending) தளத்தில் வேளாண் துறையைத் தேர்ந்தெடுத்துத் திட்டத்தின் பெயரால் வடிகட்டலாம். சுற்றுச்சூழல் பணிக்குழு (Environmental Working Group) என்ற தன்னார்வ அமைப்பு 1995 முதலான வேளாண் மானியங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. தொடக்கநிலையினருக்கு அதுவே எளிது என்பேன். மேய்ன் மாநிலத்தின் ஹான்காக், நாக்ஸ் மாவட்டங்களிலிருந்து தொடங்குங்கள். சிங்கி இறால் தொழிலே அங்கு வாழ்க்கை.

பெயர்களைப் படிக்கும்போது நிதானம் தேவை. ஒவ்வொரு படகையும் தனி நிறுவனமாகப் பதிவு செய்யும் வழக்கம் அமெரிக்க மீன்பிடித் தொழிலில் உண்டு. எனவே ஒரே குடும்பம் இரண்டு மூன்று பெயர்களில் வரக்கூடும். முகவரியைப் பார்க்காமல் கூட்டிவிடாதீர்கள். இன்னொன்று: இந்த நிவாரணம் மீன்பிடி உரிமம் வைத்திருப்பவரை மையமாக வைத்து எழுதப்பட்டது. படகில் வலை இழுத்தவருக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை இந்தப் பட்டியல் சொல்லாது. எனக்கு உறுத்தும் இடம் அதுதான்.

பழைய ஆண்டுகளைத் தேடினால் வேளாண் துறையின் வர்த்தகச் சரிசெய்தல் உதவித் திட்டத்தையும் (Trade Adjustment Assistance for Farmers) பாருங்கள். இறக்குமதியால் விலை சரிந்த இறால் பிடிப்பவர்களுக்கு 2010இல் அதன் கதவு திறந்தது. பயிற்சி முடித்து, தொழில் திட்டம் எழுதிக் கொடுத்தால்தான் பணம்.

கடைசியாகச் சரிபார்ப்பு. கிடைத்த தொகையை விகிதத்தால் வகுத்தால் எடை வரும். ஆனால் ஒரே படகு நண்டும் சிங்கி இறாலும் பிடித்திருந்தால் இந்த வழி உதவாது. தனிப் படகின் பிடிப்பு விவரம் சட்டப்படி ரகசியம் என்பதால், மாநிலத்தின் மொத்தப் பிடிப்போடு மட்டும் ஒப்பிடுங்கள். அப்போதும் 2019ஆம் ஆண்டின் பிடிப்பையே எடுக்க வேண்டும், பணம் கொடுத்த ஆண்டின் பிடிப்பை அல்ல.