முதல் கேமராவில் கார் படம் எடுக்க எந்த லென்ஸ்? வண்ணாரப்பேட்டைத் தெருவிலிருந்து ஒரு செய்முறை

கேமரா வாங்கிய முதல் வாரம் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனின் பிரீமியர் பத்மினியைப் படம் எடுத்தேன். பழைய வண்ணாரப்பேட்டையில் குறுகலான தெரு. எதிர்வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கேமராவோடு வந்த கிட் லென்ஸை 18 எம்எம்முக்கு, அதாவது அதன் மிக அகலமான பார்வைக்குத் திருகி, முழு வண்டியும் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கிளிக் செய்தேன். திரையைக் காட்டினேன். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா தம்பி, வண்டிக்குப் பல் வலியா? மூஞ்சி வீங்கிக் கெடக்குது."

உண்மைதான். முன்பக்க ஹெட்லைட் தட்டு மாதிரி பெரிதாக இருந்தது, பின்பக்கம் சுருங்கிப்போய் வாலாட்டியது. நான் பழியை லென்ஸ் மேல் போட்டேன். பழி லென்ஸில் இல்லை, நான் நின்ற இடத்தில் இருந்தது. இது புரிய ஆறு மாதமும் தேவையில்லாத ஒரு லென்ஸும் செலவாயின. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

படி 1: முதலில் லென்ஸைப் பார்க்காதீர்கள், தெருவைப் பாருங்கள்

அந்தப் படத்தில் ஹெட்லைட் என்னிடமிருந்து 8 அடியில் இருந்தது. தூரத்து மூலையில் இருந்த டெயில் லைட் ஏறக்குறைய 20 அடியில். இரண்டரை மடங்கு தூர வித்தியாசம், அதனால் ஒரே அளவுள்ள இரண்டு பொருளில் கிட்டத்தில் இருப்பது இரண்டரை மடங்கு பெரிதாகத் தெரியும். இதே வண்டியை 35 அடி தள்ளி நின்று எடுத்தால் ஒன்று 35 அடி, இன்னொன்று 47 அடி. வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குதான். வண்டி நம் கண்ணுக்குப் பழகிய உருவத்திலேயே வரும்.

ஆக, வண்டியின் உருவத்தைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். அந்தத் தூரத்தில் நின்றபடி படச் சட்டத்துக்குள் எவ்வளவு வரும் என்பதைத்தான் லென்ஸ் தீர்மானிக்கிறது. எனவே கடைக்காரர் கேட்பதற்கு முன் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது: நான் வழக்கமாகப் படம் எடுக்கப்போகும் இடத்தில் எத்தனை அடி பின்வாங்க முடியும்?

இதற்கு நான் வைத்திருக்கும் ஒரு குறுக்குக் கணக்கு. முதல் கேமராவாக வாங்கப்படும் பெரும்பாலான பாடிகளில் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) ஏபிஎஸ்-சி என்ற அளவில் சென்சார் (படம் பதியும் சில்லு) இருக்கும். நிக்கான், சோனி, ஃபுஜியில் அதன் அகலம் சுமார் 23.5 எம்எம். நம் ஊர்க் காரைப் பக்கவாட்டில், இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டு முழுதாக எடுக்க, லென்ஸின் எம்எம் எண்ணை 0.7ஆல் பெருக்குங்கள். வரும் விடைதான் நீங்கள் நிற்க வேண்டிய தூரம், அடியில்.

18 எம்எம் என்றால் 13 அடி. 35க்கு 25 அடி. 50க்கு 35 அடி. 85க்கு 60 அடி. 200க்கு 140 அடி. கேனனில் சென்சார் சற்றுச் சின்னது, அதனால் ஓரிரு அடி (200 எம்எம்முக்கு ஏழெட்டு அடி) கூட்டிக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால் 0.7க்குப் பதில் 0.45.

இப்போது உங்கள் தெருவுக்குப் போய் அடி வைத்து அளந்து பாருங்கள். எங்கள் தெருவில் சுவருக்குச் சுவர் இருபது அடி தேறுவதே பெரிய விஷயம். அதில் வண்டி ஐந்தடியை எடுத்துக்கொள்ளும், எதிரில் நிற்கும் பைக்குகள் மூன்றடி. எல்லோரும் 'முதலில் 50 எம்எம் வாங்கு' என்கிறார்களே, அந்த லென்ஸை வைத்துக்கொண்டு இங்கே ஒரு காரின் பக்கவாட்டை எடுக்கவே முடியாது. எதிர்வீட்டுச் சமையலறைக்குள் போய் நின்றால்தான் உண்டு.

படி 2: கையில் இருக்கும் கிட் லென்ஸை வைத்தே பரீட்சை எழுதுங்கள்

கேமராவோடு வரும் 18-55 லென்ஸை மட்டமாக நினைக்கிறவர்கள் அதிகம். ஆனால் உங்களுக்கு அடுத்து எது வேண்டும் என்று சொல்லப்போவது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றுகொண்டிருக்கும் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுங்கள், உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. ஜூமை 18இல் வையுங்கள். வண்டியின் முன்மூலையில் குறுக்காக நின்று, வண்டி சட்டத்தை நிறைக்கும் வரை கிட்டே போய் ஒரு படம். பிறகு 35க்குத் திருகி, வண்டி அதே அளவில் தெரியும் வரை பின்வாங்கி ஒரு படம். அப்புறம் 55, இன்னும் பின்னால் போய் ஒன்று. மூன்றிலும் உங்கள் கண் ஹெட்லைட் உயரத்தில் இருக்கட்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் எந்த வண்டியும் பொம்மை மாதிரிதான் வரும்.

வீட்டுக்கு வந்து மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 18இல் பானெட் வீங்கியிருக்கும், சக்கரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 55இல் வண்டி அமரிக்கையாக உட்கார்ந்திருக்கும். பின்னால் இருக்கும் கடை போர்டு பெரிதாகி வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எது பிடித்திருக்கிறது என்பது உங்கள் விருப்பம். 18இன் வீக்கத்தை வேண்டுமென்றே பயன்படுத்துகிறவர்களும் உண்டு, ஸ்பாய்லர் வைத்த வண்டிக்கு அது எடுப்பாகக்கூட இருக்கும். எனக்குப் பழைய வண்டிகள்தான் பிடிக்கும், அதனால் 55 பக்கம் சாய்ந்தேன்.

படி 3: இரண்டாவது லென்ஸ், என் ஓட்டு டெலி ஜூமுக்கு

குறுகலான தெருவில் தூரத்துக் காட்சியைக் கிட்டே இழுக்கும் டெலி ஜூம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது. எங்கள் தெரு அகலத்தில்தான் குறுகல், நீளத்தில் இல்லை. வண்டியின் பக்கவாட்டை விட்டுவிட்டு அதன் முகத்தை நேராக எடுக்கலாமே! காரின் அகலம் ஐந்தடிக்குச் சற்று மேல்தான். 200 எம்எம்மில் அறுபதடி தள்ளித் தெருவின் நடுவில் உட்கார்ந்தால் போதும், முகம் முழுதும் வந்துவிடும். அதோடு, தொலைவிலிருந்து எடுப்பதால் பின்னால் இருக்கும் மின்கம்பிகள், மாடிக் கொடியில் காயும் துணி, தள்ளுவண்டி எல்லாம் நெருங்கி வந்து வண்டியின் தோளுக்குப் பின்னால் அடுக்கிவைத்த மாதிரி நிற்கும். வடசென்னைத் தெருவை இதைவிட அழகாக என் கேமராவில் நான் பார்த்ததில்லை.

கேனனில் 55-250, நிக்கானில் 55-200 அல்லது 70-300, சோனியில் 55-210. இந்த வகை லென்ஸ்கள் எடை குறைவு, செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கும். அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, பெரிதாகத் திறக்காது என்பது குறைதான். ஆனால் நிற்கும் காரை முழுக்கத் தெளிவாக எடுக்க எப்படியும் துளையைச் சுருக்கி எஃப் 8க்குத்தான் போகப்போகிறீர்கள். துளையை அகலத் திறந்து எஃப் 1.8இல் குறுக்குக் கோணத்தில் கிட்டே நின்று எடுத்துப் பாருங்கள், ஹெட்லைட் தெளிவாக இருக்கும், கண்ணாடி மங்கும், பின்கதவு கஞ்சி மாதிரி ஆகிவிடும்.

50 எம்எம் எஃப் 1.8 வேண்டாம் என்று சொல்லவில்லை. சாயங்காலம் விளக்கு போட்ட பிறகும், பானெட் மேல் இருக்கும் சின்னம், ஸ்டியரிங் நடுவில் இருக்கும் எழுத்து, கதவுக் கைப்பிடியில் தேய்ந்த பெயின்ட் போன்ற துண்டுக் காட்சிகளுக்கும் அது பிரமாதம். மூன்றாவதாக வாங்குங்கள். உள்ளே டேஷ்போர்டு எடுக்க 10-18 மாதிரி அகல லென்ஸ் உண்டு, ஆனால் முதல் வருடம் தேவைப்படாது. பின் சீட்டில் உட்கார்ந்து கிட் லென்ஸின் 18ஐ வைத்தே ஒப்பேற்றலாம்.

படி 4: பொருந்துகிறது என்றால் வேலை செய்யும் என்று அர்த்தம் இல்லை

நான் ஏமாந்த இடம் இதுதான். என்னிடம் இருந்தது நிக்கான் டி3200. செகண்ட் ஹேண்ட் கடை ஒன்றில் மலிவாக ஒரு 50 எம்எம் எஃப் 1.8 டி காட்டினார்கள். "ஃபிட் ஆகுமாண்ணே?" என்று கேட்டேன். மாட்டிக் காட்டினார், கிளிக் என்று உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்து பட்டனை அழுத்தினால் ஃபோகஸ் அசையவே இல்லை. பேட்டரியை மாற்றினேன், துடைத்தேன், சாமி கும்பிடாததுதான் பாக்கி. விஷயம் இதுதான்: அந்தப் பழைய வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, பாடியில் உள்ள மோட்டார்தான் திருகைச் சுற்ற வேண்டும். நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் அந்த மோட்டார் இல்லை. லென்ஸின் மேல் 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' என்று எழுதியிருந்தால் உள்ளே மோட்டார் உண்டு, ஆனால் டி3200 போன்ற பழைய பாடிகளில் 'ஏஎஃப்-பி' ஃபோகஸ் ஆகாது. வெறும் 'ஏஎஃப்' என்றால் கையால்தான் திருக வேண்டும்.

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) வாங்கியிருந்தால் இன்னொரு கவனம். கேனனின் ஆர் வரிசை கேமராவில் பழைய இஎஃப் லென்ஸ்களை அடாப்டர் போட்டு மாட்டலாம், ஆட்டோஃபோகஸும் நன்றாக வேலை செய்யும். நிக்கானின் இசட் வரிசைக்கும் எஃப்டிஇசட் என்ற அடாப்டர் உண்டு, ஆனால் மேலே சொன்ன மோட்டார் இல்லாத லென்ஸ்களுக்கு அதிலும் ஆட்டோஃபோகஸ் கிடையாது. கடைக்குப் போகும்போது கேமராவை எடுத்துப் போங்கள். லென்ஸை மாட்டி, தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று என ஃபோகஸ் செய்து பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். இரண்டு முனை மூடியையும் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கத்தில் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

படி 5: ஒரு போலரைசர்

கார் என்பது நான்கு சக்கரத்தில் ஓடும் கண்ணாடி. பெயின்ட்டிலும் விண்ட்ஷீல்டிலும் எதிர்வீடு, வானம், நீங்கள் எல்லாம் தெரிவீர்கள். லென்ஸின் முன்னால் மாட்டிச் சுழற்றும் சர்குலர் போலரைசர் இதில் பெரும்பகுதியை அழிக்கும். ஆனால் நேருக்கு நேராக நின்று சுழற்றினால் ஒன்றும் ஆகாது, கண்ணாடியைச் சாய்வான கோணத்தில் பார்க்க வேண்டும். குரோம் பம்பரில் எந்தக் கோணத்திலும் பலிக்காது. முலாம் பூசிய உலோகத்தின் பிரதிபலிப்பு அதற்கு அடங்காது. முழுதாகவும் அழிக்காதீர்கள், பளபளப்பு மொத்தமும் போனால் வண்டி களிமண் பொம்மை ஆகிவிடும்.

அளவு கேட்டு வாங்குங்கள். லென்ஸின் முன் வளையத்தில், குறுக்கே கோடு போட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் 49, 52, 58 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் ஃபில்டர் அளவு.

படி 6: எங்கே போய்ப் பழகுவது

நின்ற வண்டிக்கு, கடலோரம். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கிழக்கே திறந்த வானம். சூரியன் தலைகாட்டுவதற்கு இருபது நிமிடம் முன்பு வண்டியின் பக்கவாட்டைக் கடலைப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். மொத்தக் கிழக்கு வானமும் ஒரே மெல்லிய விளக்காகி, கதவின் மேல் ஓடும் மடிப்பை முன்னிருந்து பின்வரை ஒரே கோடாக வரைந்து காட்டும். சூரியன் மேலே வந்த பிறகு அந்தக் கோடு துண்டுதுண்டாகிவிடும். இங்கே இடம் நிறைய, அதனால் 85இல் அறுபதடி தள்ளி நிற்கலாம்.

ஓடும் வண்டிக்கு, நடைபாதையுள்ள அகலமான சாலை ஏதாவது. ஷட்டரை 1/60 நொடியில் வைத்து, வண்டி வரும்போதே அதைச் சட்டத்துக்குள் பிடித்து, இடுப்பைத் திருப்பியபடி கூடவே போய் நடுவில் கிளிக் செய்யுங்கள், கிளிக் செய்த பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். வண்டி தெளிவாக, சக்கரம் சுழல, பின்னணி கோடுகோடாக வரும். 1/1000இல் எடுத்தால் ஓடும் வண்டியும் பார்க்கிங்கில் நிற்பது போலத்தான் இருக்கும். நான் முதல் நாள் எண்பது படம் எடுத்து இரண்டைத்தான் வைத்துக்கொண்டேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் மட்டும் இதை முயலாதீர்கள். கன்டெய்னர் டிரெய்லர்கள் உங்கள் கேமராவுக்காக ஒதுங்கிப் போகாது. துறைமுக வாசல் பக்கமும் லென்ஸைத் திருப்ப வேண்டாம், காவலர்கள் கேள்வி கேட்பார்கள்.

ஒரு சின்ன இடைச்செருகல். இந்த எண்ணூரில்தான் 1949இல் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. லாரிக்குப் பெயர்போன அசோக் லேலண்ட் ஆனது 1955இல். கொஞ்சம் மேற்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார் பந்தயமே நடந்தது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் வருவதற்கு முன்னால் பந்தயம் என்றால் சோழவரம்தான். கார் படம் எடுக்க நமக்கு ஊர் ராசி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

படி 7: உப்புக் காற்று

கடலோரத்தில் படம் எடுத்துத் திரும்பியதும் லென்ஸின் வெளிப்பக்கத்தை லேசாக ஈரமான துணியால் துடையுங்கள், பிறகு காய்ந்த துணியால். முன் கண்ணாடியில் உப்புத் துகள் இருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும், முதலில் ஊதிவிடுங்கள். தோல் பையில் வைத்துப் பீரோவில் பூட்டாதீர்கள், ஃபங்கஸுக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் சரி. ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி உழைக்கும், ஆனால் வீட்டில் சொல்லிவிட்டு, பழைய வாணலியில். நான் சொல்லாமல் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.